முப்பதுக்கு நாற்பது மனையும் பதினெட்டு மீட்டர் விதியும்

அயப்பாக்கம், காட்டுப்பாக்கம், சென்னீர்க்குப்பம் போன்ற ஊர்கள் கிராம ஊராட்சி என்ற பெயரோடே நகரமாகிப் போனவை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியைச் சுற்றி இப்படி எத்தனையோ ஊர்கள். வயல்கள் மனைப்பிரிவுகளாயின, வீடுகள் வந்தன, சாலையும் தெருவிளக்கும் தாமதமாக வந்தன, பாதாளச் சாக்கடை மட்டும் பல தெருக்களை இன்னும் எட்டவில்லை. அதனால் கழிப்பறையிலிருந்து வெளியேறும் கழிவு என்ன ஆகிறது என்பது அந்தந்த வீட்டுக்காரரின் தலைப்பொறுப்பு. கார் நிறுத்தும் இடத்துக்குக் கீழேயோ மாடிப்படிக்கு அடியிலோ ஒரு செப்டிக் டேங்க், அதன்மேல் சிமென்ட் பூசி அடைத்த ஸ்லாப். இந்தத் தொட்டிகள் நிலத்தடி நீரையும் ஏரிகளையும் கூவத்தையும் கெடுக்கின்றன, வீட்டுக்காரர்களுக்கு அபராதம் போட்டால்தான் சரிப்படும் என்ற குரல் அவ்வப்போது எழுகிறது. கெடுக்கின்றன என்பதில் சந்தேகமில்லை. அபராதமும் வேண்டும் என்றே நானும் சொல்வேன். ஆனால் அது முதலில் யார்மேல் விழ வேண்டும் என்பதில்தான் எனக்கு மாறுபாடு.

விதியிலிருந்தே தொடங்கலாம். செப்டிக் டேங்க் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தர ஆவணம் சொல்கிறது. ஐந்து பேர் வாழும் வீட்டுக்கு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீராழம். அடியிலும் பக்கத்திலும் நீர் கசியக் கூடாது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடை எடுத்துவிட வேண்டும். தொட்டியிலிருந்து வழியும் நீர் உறிஞ்சுகுழிக்குப் போகலாம். ஆனால் அந்தக் குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 18 மீட்டர் என்பது 59 அடி. இந்தப் பக்கம் நடுத்தரக் குடும்பம் கடன் வாங்கிச் சேர்க்கும் அரை கிரவுண்டு மனை, முப்பதுக்கு நாற்பது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு டேப் பிடித்தாலே 50 அடிதான் வரும். ஒரு மூலையில் போர், எதிர்மூலையில் குழி என்று ஒழுங்காகக் கட்டினாலும் விதியை மீறாமல் அந்த மனையில் வாழ முடியாது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பத்தடியில் இருக்கும் அடுத்த வீட்டு போரை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தந்தபோதும், 2017-இல் அங்கீகாரமில்லா மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறை செய்தபோதும், அரசு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

கட்டுமானத்தில் நடப்பது இன்னும் மோசம். பல வீடுகளில் செப்டிக் டேங்க் என்று சொல்லப்படுவது தொட்டியே அல்ல. நிலத்தைத் தோண்டி ஐந்தாறு சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியைத் திறந்தபடி விட்டு, மேலே ஸ்லாப் போட்டு மூடிவிடுகிறார்கள். செலவு குறைவு, ஒரே நாளில் வேலை முடியும். ‘பத்து வருஷமா லாரியே கூப்பிடலை’ என்று ஒரு வீட்டுக்காரர் சொன்னால், அவருடைய கழிவு பத்து வருஷமாக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நீர்மட்டம் உயரும் ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் குழிக்கும் போர்த் தண்ணீருக்கும் நடுவே தடுப்பு என்று எதுவும் இருப்பதில்லை. நைட்ரேட்டும் கிருமியும் கண்ணுக்குத் தெரிவதில்லை. குடிக்க கேன் வாங்கும் வீட்டிலும் குளிக்க, பாத்திரம் கழுவ, குழந்தை வாய் கொப்பளிக்க இதே தண்ணீர்தான். சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கமும் புழலும் இதே நிலப்பரப்பின் இரு பக்கங்களில் இருக்கின்றன என்பதையும் மறக்க முடியாது. என் மனை, என் குழி, உனக்கென்ன என்ற வாதம் மண்ணுக்கு மேலே செல்லலாம். கீழே ஓடும் நீருக்குப் பட்டா எல்லை கிடையாது.

சட்டம் இல்லை என்றும் சொல்ல முடியாது. உள்ளாட்சிகளுக்கான கசடுக் கழிவு வழிகாட்டுதல்களைத் தமிழ்நாடு 2014-லேயே வெளியிட்டது. அருகருகே உள்ள உள்ளாட்சிகளைக் கூட்டி, கிட்டத்தில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைப்பது அதன் திட்டம். 2022-இல் வந்த சட்டத்திருத்தத்தின்படி கழிவுநீர் லாரிகளுக்கு உரிமம் கட்டாயம். கண்ட இடத்தில் கொட்டினால் முதல் முறை 25,000 ரூபாய், அடுத்த முறை 50,000 ரூபாய் அபராதம். நல்ல விதிதான். ஆனால் திருமழிசைப் பக்கம் நிரப்பிய லாரியை ஓட்டுநர் எங்கே கொண்டுபோவார்? கோயம்பேடு நிலையத்துக்கு என்றால் பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலில் போக ஒரு நேரம், வர ஒரு நேரம். நாளுக்கு ஐந்து நடை அடித்தால்தான் கட்டுப்படியாகும் தொழிலில் இரண்டு நடையோடு நிற்க வேண்டியிருக்கும். வெளிவட்டச் சாலை ஓரத்துக் காலி நிலமும் கூவக்கரையும் பக்கத்திலேயே இருக்கின்றன. செப்டிக் டேங்க் கசடு, வீட்டுச் சாக்கடை நீரைவிடப் பல மடங்கு அடர்த்தியான கழிவு. ஒரே ஒரு லாரி அதைக் குட்டையில் திறந்துவிட்டாலும் அந்தக் குட்டை தேற நாளாகும். தூரத்தைக் குறைக்காமல் அபராதத்தை மட்டும் உயர்த்தினால், பகலில் கொட்டுகிறவர் இரவுக்கு மாறுவார். அபராதத்துக்கான ஆபத்தையும் சேர்த்து வீட்டுக்காரரிடம் வாடகையை ஏற்றுவார். வாடகை ஏறினால் வீட்டுக்காரர் இன்னும் இரண்டு வருஷம் தள்ளிப்போடுவார்.

தள்ளிப்போடுவதன் விலை சில வேளைகளில் உயிர். 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த நெமிலியில் ஒரு குடியிருப்பின் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்யும்போது விஷவாயு தாக்கி ஆறு பேர் இறந்தார்கள். வீட்டு உரிமையாளர், அவருடைய இரு மகன்கள், காப்பாற்ற ஓடிவந்த குடித்தனக்காரர்கள். கசடு அழுகும்போது எழும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடியதும் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி அடுத்தவர் இறங்குவார். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. வேலைக்கு அழைக்கும் வீட்டுக்காரருக்கும் அது பொருந்தும். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய சாவுகளுக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. இத்தனைக்குப் பிறகும், 1993 முதல் பதிவான இத்தகைய மரணங்களில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு. தண்டனைக்கு அஞ்சியிருக்க வேண்டியவரே தொட்டிக்குள் இறந்துகிடந்த நெமிலியில் எந்த அபராதம் என்ன செய்திருக்கும்? குறித்த காலத்தில் ஒரு லாரி வாசலுக்கு வந்து குழாய் போட்டு உறிஞ்சிப் போயிருந்தால், அந்த ஸ்லாப்பைத் தூக்கிக்கொண்டு யாரும் உள்ளே இறங்கியிருக்க மாட்டார்கள்.

கிராமத்து வீட்டுத் தொட்டிகளைச் சட்டத்துக்குள் கொண்டுவந்த அயர்லாந்தின் அனுபவம் இங்கே உதவும். தொட்டிகளை முறைப்படுத்தத் தவறியதாக 2009-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அயர்லாந்து அரசைக் கண்டித்தது. 2012-இல் அரசு சட்டம் கொண்டுவந்து எல்லோரும் 50 யூரோ கட்டித் தொட்டியைப் பதிவு செய்ய வேண்டும், தவறினால் 5,000 யூரோ வரை அபராதம் என்றது. நாட்டுப்புறமே கொதித்தது. முன்கூட்டிப் பதிவோருக்கு ஐந்து யூரோ போதும் என்று இறங்கிவர வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நீதிமன்றம் தாமதத்துக்காக அரசுக்கு 20 லட்சம் யூரோவும், சரிசெய்யும்வரை நாளொன்றுக்கு 12,000 யூரோவும் விதித்தது. தண்டம் கட்டியது அரசு. பிறகு ஆய்வு, தேறாத தொட்டிக்கு முதலில் அறிவுறுத்தல் நோட்டீஸ், பழுது பார்க்க மானியம் என்று முறை வந்தது. 2024 முதல் அந்த மானியத்தின் உச்சவரம்பு 12,000 யூரோ. ஆய்வுக்குப் போகும் தொட்டிகளில் ஏறத்தாழ பாதி தேறுவதில்லை என்பது பத்தாண்டுக்குப் பிறகும் மாறவில்லை. அபராதத்தை மட்டும் நம்பியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

மகாராஷ்டிரத்தின் வாய் என்ற சிறு நகரம் வேறு வழி கண்டது. 2018 முதல் அங்கே நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை நகராட்சியின் லாரி முறைவைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் வருகிறது. வீட்டுக்காரர் அன்றைக்குத் தனியாகப் பணம் எடுக்க வேண்டாம். வரியோடு சேர்ந்து செலவு பிரிந்துவிடுகிறது. கசடைக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் ஒப்பந்ததாரருக்குக் கூலி என்பதால், வழியில் கொட்டினால் நட்டம் அவருக்கே. நம் செங்கல்பட்டுப் பக்கத்துக் கருங்குழியில் கசடுக் கழிவுக்கென்றே தனி நிலையம் 2017-லேயே வந்துவிட்டது. தொழில்நுட்பம் தெரியாது என்று சொல்ல இடமில்லை.

பாதாளச் சாக்கடை வரப்போகிறதே, இதற்கு ஏன் செலவு என்று கேட்பார்கள். ஆவடியில் அந்தத் திட்டம் எத்தனை ஆண்டு இழுத்தது என்பது அங்கே பள்ளத்தில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஊராட்சிகளுக்கு வரிசை எப்போது வருமோ. வந்தாலும் கசடு நிலையம் வீணாகாது, சாக்கடை எட்டாத அடுத்த ஊருக்கு அது வேலை செய்யும். ஏழைக்கு இன்னொரு வரியா என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் மூன்றாண்டுச் செலவை மாதங்களாகப் பிரிக்கவும் சிறு வீட்டுக்குக் குறைத்து வைக்கவும் வேண்டும். லாரியை ஒரேயடியாகக் கூப்பிட முடியாமல் தள்ளிப்போடுகிறவர் பெரும்பாலும் ஏழைதான். எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு, ஆய்வாளர் வந்தால் லஞ்சம் வரும் என்பது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைய நிலையில் எல்லா வீடும் விதிமீறல் வீடு. எந்த வாசலில் நின்றும் மிரட்டலாம். கடைப்பிடிக்கக்கூடிய விதியாக மாற்றி, லாரி வந்து போன ரசீதே சாட்சி என்று வைத்தால் அந்தப் பேரத்துக்கு இடம் சுருங்கும்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். வீட்டுவரி ஏட்டில் தொட்டியின் வகை, அளவு, கடைசியாகச் சுத்தம் செய்த தேதி ஏற வேண்டும். பூந்தமல்லிக்கு மேற்கே லாரிகள் கொட்ட ஒரு நிலையம் வேண்டும். முறைவைத்து லாரி வர வேண்டும். இவற்றைச் செய்யத் தவறும் உள்ளாட்சி மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தண்டம் கட்டட்டும். செய்து ஓராண்டு கழிந்தும் லாரிக்குக் கேட்டைத் திறக்காதவர்களுக்கும், கழிவைக் குழாய் வைத்து மழைநீர் வடிகாலில் விடுகிறவர்களுக்கும் நோட்டீஸ் போகட்டும். அதிலும் முதல் நோட்டீஸ் அரை கிரவுண்டு வீட்டுக்கு அல்ல. எட்டுப் போர்ஷன் கட்டி வாடகை வாங்கிக்கொண்டு நாலு உறையோடு முடித்துக்கொண்ட கட்டடங்களுக்கும், தொட்டியின் அளவைப் பார்க்காமல் அவற்றின் வரைபடத்தில் கையெழுத்திட்ட அலுவலகத்துக்கும்.