லயத்திலிருந்து தாமானுக்கு

நகரம் என்றவுடன் நாம் கடைவீதியையும் மாடிக் கட்டடங்களையும் எண்ணுகிறோம். நெகிரி செம்பிலானில் இன்றைய நகர்கள் பல ரப்பர்த் தோட்டங்களின் மேல் எழுந்தவை. சிரம்பான் ஈயத்தால் வளர்ந்த ஊர்; 1891இல் போர்ட்டிக்சனுக்குப் போடப்பட்ட இருப்புப்பாதை முதலில் ஈயத்தையும் பின்னர் ரப்பரையும் சுமந்தது.

தோட்டமும் தன்னளவில் ஒரு சிற்றூர்தான். பிரட்டுக்களம், பால் நிறுக்கும் கொட்டகை, ஆயாக்கொட்டகை, கோயில், மளிகைக்கடை ஆகிய யாவும் நடந்து சேரும் தொலைவில் இருந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். ஆயினும் லயத்து வீடு வேலையோடு வந்த வீடு. வேலை முடிந்தால் அதையும் ஒப்படைக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக உழைத்தவர் முதுமையில் வீடின்றி நின்றது இதனால்தான். நகரத்தாரிடமிருந்து தோட்டத்தாரைப் பிரித்தது தொலைவன்று, இவ்வேற்பாடே என நாம் கருதுகிறோம்.

1998இல் சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. அதனை அடுத்த நீலாய், லாபு வட்டாரங்களில் தோட்ட நிலங்கள் வீட்டுமனைகளாயின. பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்திருந்தனர். சேமநிதியை எடுத்துத் தாமானில் வீடு வாங்கினர். வீடு சொந்தமாயிற்று, அண்டை வீட்டார் பெயர் தெரியத்தான் மாதங்களாயின. கோயில் திருவிழாவன்று மட்டும் பழைய லயத்தார் ஒன்றுகூடுகின்றனர்.

இடம்பெயர்ந்த தமிழ்ப்பள்ளிகள் சில 'லாடாங்' என்னும் சொல்லைப் பெயர்ப்பலகையிலிருந்து நீக்கவில்லை. பால்மரத்தையே பாராத மாணவன் நாள்தோறும் அச்சொல்லைத் தன் ஏட்டின் அட்டையில் எழுதுகிறான்.