காட்டேரி என்னும் தாய்

தசரா விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி, கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு தலையணை கனத்தில் ஓர் ஆங்கில நாவலைப் படித்துக்கொண்டிருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. "அப்படி என்னம்மா கதை அது?" என்று கேட்டேன். "ஒரு சாதாரணப் பொண்ணு தாத்தா. ரத்தக்காட்டேரியைக் கல்யாணம் பண்ணிக்கிறா. வயித்துல இருக்கிற குழந்தை அவ உயிரையே உறிஞ்சுது. ஆனாலும் குழந்தையை விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "நம்ம தமிழ்ல இந்த மாதிரிக் கதையெல்லாம் கிடையாது, இல்ல?" என்று கேட்டுவிட்டு, மறுபடியும் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

அன்று அவளுக்குச் சொன்ன பதிலையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். வெளிமாநிலத்தில் பிள்ளைகளை வளர்க்கும் நம் குடும்பங்கள் பலவற்றிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கும்.

மேல்நாட்டுக் காட்டேரி

ரத்தம் குடிக்கும் பிணத்தைப் பற்றிய நம்பிக்கை கிழக்கு ஐரோப்பியக் கிராமங்களில் பிறந்தது. 1819இல் பாலிடோரியின் கதை வழியாக அது ஆங்கில இலக்கியத்தில் நுழைந்தது. 1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா' அதை உலகப் புகழ் பெறச் செய்தது. அந்நாவலில் லூசி என்ற பெண் காட்டேரியாக மாறியதும் முதலில் தேடிப் போவது குழந்தைகளைத்தான். பாலூட்ட வேண்டியவள் ரத்தம் குடிக்கிறாள் என்பதே அங்கே பயங்கரம். தாய் வேறு, காட்டேரி வேறு. ஒன்று வந்தால் மற்றொன்று போய்விடும்.

ஸ்டெஃபனி மேயர் 2005இல் 'ட்விலைட்' வரிசையைத் தொடங்கினார். 2008இல் வெளிவந்த அதன் நான்காம் பாகத்தில்தான் என் பேத்தி சொன்ன சம்பவம் வருகிறது. வயிற்றுப் பிள்ளைக்காகத் தாய் ரத்தம் குடிக்கிறாள். பிரசவத்தில் உயிர் பிரியும் நேரத்தில் காட்டேரியாகிறாள். தாயும் காட்டேரியும் ஒருத்தியே என்பது அந்த வாசகர்களுக்குப் புதுமையாக இருந்திருக்கலாம். நமக்கு அது பழைய செய்தி.

சொல்லிலேயே இருக்கும் சாட்சி

'வாம்பயர்' என்பதை நாம் ரத்தக்காட்டேரி என்கிறோம். அந்தக் காட்டேரி யார்? தமிழ்நாட்டில் பல ஊர்களில் அவள் காட்டேரி அம்மன்; கோயில் உள்ள தெய்வம். 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன தமிழர்கள் அவளையும் மனத்தில் சுமந்துகொண்டு போனார்கள். அங்கும், கயானா போன்ற நாடுகளிலும், வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு ஒரு தீங்கும் வரக்கூடாது என்று வேண்டிக் காட்டேரிக்குப் படையல் போடும் வழக்கம் உண்டு. கருவை அழிப்பவள் என்று அஞ்சப்பட்டவளிடமே கருவைக் காக்கும் பொறுப்பையும் ஒப்படைத்துவிட்டார்கள்!

இதற்காக நேட்டால் வரை போக வேண்டியதில்லை. நம் மைசூரின் சாமுண்டி மலையை அண்ணாந்து பார்த்தாலே போதும். தேவி மாகாத்மியத்தில் ரத்தபீஜன் என்றோர் அசுரன் வருகிறான். அவன் ரத்தம் ஒரு துளி மண்ணில் விழுந்தால் அங்கே இன்னோர் அசுரன் முளைப்பான். துளியும் தரையில் விழாதபடி அந்த ரத்தத்தை வாய் திறந்து குடித்தவள் சாமுண்டி. சப்த மாதர் எனும் ஏழு தாய்மாரில் ஒருத்தியாகவும் அவளை வைத்து வணங்குகிறோம். 'தாயி சாமுண்டேஸ்வரி' என்று கன்னடத்துக்காரர்கள் கைகூப்புவது அவளைத்தான்.

இதே கர்நாடகத்தில் 1990களில் பரவிய இன்னொரு கதை பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ராத்திரியில் ஒரு பேய் வந்து, பெற்ற தாயின் குரலிலோ வேறு நெருங்கிய சொந்தத்தின் குரலிலோ கூப்பிடும். கதவைத் திறந்தால் உயிர் போகும் என்றார்கள். அதற்காகப் பெங்களூரிலும் பல ஊர்களிலும் கதவில் 'நாளெ பா', அதாவது 'நாளைக்கு வா', என்று எழுதி வைத்தார்கள். பேய் தினமும் வந்து, அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகுமாம். பேய்க்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று நம்பியது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அதற்குள் ஒரு கூர்மையான உண்மை இருக்கிறது. எந்தக் குரலுக்கு நாம் யோசிக்காமல் கதவைத் திறப்போமோ, பேயும் அந்தக் குரலில்தானே வரும்?

பழையனூர் நீலி

தமிழில் அம்மா வேடத்தில் வந்த பேய்க்குப் பெயர் நீலி. 'நீலிக் கண்ணீர்' என்று வீட்டில் சொல்கிறோமே, அந்த நீலிதான்.

கதை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். சுருக்கம் இதுதான். முற்பிறவியில் ஒருவன் தன்னை நம்பி உடன் வந்த மனைவியை வழியில் கொன்றுவிடுகிறான். மறுபிறவியில் அவன் வணிகன், அவள் பேய். பேயால் ஆபத்து உண்டென்று அறிந்த வணிகன் மந்திரவாளைக் கைவிடாமல் திரிகிறான். திருவாலங்காட்டை அடுத்த பழையனூருக்கு அவன் வரும்போது, அவள் கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வருகிறாள். "இவர் என் புருஷன். என்னையும் பிள்ளையையும் தவிக்க விட்டுப் போகிறார்" என்று வேளாளர் சபையில் அழுகிறாள். குழந்தையும் "அப்பா" என்று தாவுகிறது. அதைப் பார்த்தபின் சபையார்க்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. "உன் உயிருக்கு நாங்கள் எழுபது பேரும் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்து, வாளை வாங்கி வைத்துவிட்டு, இருவரையும் ஒரே அறைக்கு அனுப்புகிறார்கள். விடிந்தால் வணிகன் பிணம். அப்போது அவனைப் பெற்ற தாயின் உருவில் நீலி மறுபடியும் வந்து, "என் மகன் எங்கே?" என்று கேட்கிறாள். எழுபது வேளாளரும் சொன்ன சொல் தவறாமல் தீப்பாய்ந்து இறந்தார்கள். திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்த வஞ்சத்தைக் குறிப்பிடுகிறார் என்றால் கதையின் வயதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேல்நாட்டுக் காட்டேரி கடித்தால் கடிபட்டவரும் காட்டேரி. அது தொற்றுநோய் மாதிரி. நீலியை யாரும் கடிக்கவில்லை. நம்பிக் கூட வந்தவளைக் கொன்ற அநீதிதான் அவளைப் பேயாக்கியது. உயிரோடு இருந்தபோது அவளுக்காகப் பேச ஒரு சபை கூடவில்லை. செத்த பிறகு பொய் சொல்லித்தான் அவளால் சபையைக் கூட்ட முடிந்தது. நம் மரபில் ஊழ் வேலை செய்யும் விதம் இது. சிலப்பதிகாரத்திலும் வேறொரு நீலி வருகிறாள். குற்றமற்ற தன் கணவன் சங்கமன் கொலையுண்டதும் அவள் இட்ட சாபமே மறுபிறவியில் கோவலனைத் தொடர்ந்தது என்று மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்கிறது.

ஒரே ஊர், வேறு விதி

அப்படியானால் விதியை மாற்றவே முடியாதா? முடியும் என்பதற்கும் அதே மண்ணில்தான் சாட்சி இருக்கிறது.

காரைக்காலில் புனிதவதி என்ற பெண், மாங்கனி அற்புதத்துக்குப் பின் கணவன் பரமதத்தன் அஞ்சி விலகியதால் தனித்து நின்றாள். அவன் பாண்டிநாட்டில் வேறு மணம் செய்துகொண்டான். புனிதவதி பழிவாங்கப் போகவில்லை. அழகும் தசையும் இனி எனக்கு வேண்டாம் என்று இறைவனிடம் பேய் வடிவத்தைக் கேட்டுப் பெற்றாள். தலையால் நடந்து கயிலை ஏறிய அந்தப் பேயைச் சிவன் 'அம்மையே' என்று அழைத்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். பின்பு அவர் தங்கிய இடம் நீலியின் பழையனூரை ஒட்டிய திருவாலங்காடு. அவர் பாடிய மூத்த திருப்பதிகத்தில் ஒரு பேய்த்தாய் வருகிறாள். பிள்ளைக்குக் காளி என்று பெயர் வைத்து, அதன் மேலுள்ள புழுதியைத் துடைத்து, பால் கொடுத்துவிட்டு எங்கோ போகிறாள். அம்மா வரக் காணாமல் அந்தக் குட்டிப்பேய் அழுதழுது தூங்கிப்போகிறது. சுடுகாட்டுப் பேயிலும் தாயைக் காண ஒரு தாயின் கண் வேண்டும்.

சமணர்களும் நீலியை விடவில்லை. ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான நீலகேசியில், பாஞ்சால நாட்டுச் சுடுகாட்டில் தவமிருந்த முனிசந்திரரை மிரட்ட வந்த பழையனூர்ப் பேய், அவரிடமே அறம் கேட்டுத் தெளிந்து, ஊர் ஊராகச் சென்று வாதம் செய்யும் அறிஞராகிறது. குமரி மாவட்டத்து முப்பந்தலில் அவள் இசக்கியம்மன். கையில் பிள்ளையோடு நிற்கும் அவளிடம் பிள்ளை வரம் கேட்டு மக்கள் வருகிறார்கள்.

பயத்துக்குப் பின்னால்

இந்தக் கதைகளுக்குப் பின்னால் உண்மையான ஒரு துயரம் இருக்கிறது. மருத்துவ வசதி இல்லாத காலத்தில் பிரசவத்தில் இறந்த பெண்கள் எத்தனையோ பேர். அப்படி இறந்தவள் ஆவியாக அலைவாள் என்று பயந்தார்கள். மலேசியாவில் இதே நம்பிக்கைக்குப் பொந்தியானாக் என்று பெயர். அதை 1957இல் முதலில் சினிமாவாக எடுத்தவர் இந்தியாவிலிருந்து போன பி. என். ராவ். தமிழ்நாட்டில் அந்தப் பயம் இன்னொரு வடிவமும் எடுத்தது. வயிற்றுப் பிள்ளையோடு இறந்தவள் நினைவாகச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். இரண்டு கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்தால் சுமைதாங்கி. தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் உதவியின்றித் தாமே இறக்கி வைத்து இளைப்பாறலாம். சுமையை இறக்காமலே போனவளுக்கு, வழிப்போக்கர்களின் சுமை இறங்கும்போதெல்லாம் ஆறுதல் கிடைக்கும் என்று நம்பினார்கள்.

ஆகவே நம் பிள்ளைகள் காட்டேரி நாவல் படித்தால் திட்ட வேண்டாம். படிக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து நீலியையும் அம்மையாரையும் சொல்லுங்கள். சாமுண்டி மலைப் படி ஏறும்போது சொன்னால் இன்னும் நல்லது. ஆயிரத்துக்கு மேல் படி இருக்கிறது, கதை முடிந்துவிடும்.

நான் சொல்லி முடித்தபோது என் பேத்தி புத்தகத்தை மூடியிருந்தாள். "தாத்தா, அந்தச் சபை நீலி உயிரோட இருக்கும்போதே கூடியிருந்தா, அவ பேயாகியிருக்க மாட்டா இல்ல?" என்று கேட்டாள். அவள் பாட்டி, "அதைத்தாண்டி உங்க தாத்தா இவ்வளவு நேரமா சொன்னார். வா, சாதம் ஆறுது" என்றாள்.