யானையைவிட உயரமான அன்னம்! மால்டா தெரியுமா?

யானை அண்ணாந்து பார்க்கிற அளவுக்கு ஓர் அன்னப்பறவை இருந்தது தெரியுமா? புராணக் கதையல்ல, எலும்பே சாட்சி! இடம்: சிசிலிக்குத் தெற்கே மத்தியதரைக் கடலில் இருக்கும் மால்டா. மொத்த நாடே 316 சதுர கிலோமீட்டர்தான்.

பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது சிசிலிப் பக்கமிருந்து மால்டாவுக்கு யானைகள் வந்து சேர்ந்தன. பெருநிலத்தில் இவற்றின் மூதாதைகள் தோள்வரை 4 மீட்டர் உயரம் இருந்தவை. தீவிலோ தீனி குறைவு, அடித்துத் தின்னப் பெரிய மிருகமும் இல்லை. அவ்வளவு பெரிய உடம்பு எதற்கு? தலைமுறை தலைமுறையாகச் சுருங்கி, வளர்ந்த யானையே 1 மீட்டர் என்றாகிவிட்டது. அப்படியானால் குட்டி எவ்வளவு இருந்திருக்கும்! சின்னப் பிராணிகள் கதை நேர் எதிர். எலிக்குத் தூரத்து உறவான ஒரு கொறிவிலங்கு பூனை அளவுக்குப் பெருத்தது. அன்னமோ கழுத்தை நிமிர்த்தினால் யானையைத் தாண்டும். (எடையில் யானைதான் ஜெயிக்கும்.)

ஆர் தலாம் என்ற குகையில் குள்ள யானை, குள்ள நீர்யானை எலும்புகள் அடுக்கடுக்காகக் கிடைத்தன. இரண்டாம் உலகப் போரில் ஜனங்கள் குண்டுக்குப் பயந்து பதுங்கியதும் அங்கேதான். 1980-ல் குள்ள யானைத் தந்தங்கள் நான்கை அங்கிருந்து யாரோ திருடிப் போனார்கள். யாரிடம் விற்றார்களோ!

இனி ஒரு செடி. மால்டாவைச் சேர்ந்த கோஸோ தீவையொட்டிக் கடலில் செங்குத்தாக நிற்கிறது 'காளான் பாறை'. அதில் முளைப்பது காளானே அல்ல. பச்சையமில்லாமல், வேறு செடிகளின் வேரை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணிப் பூச்செடி. கருஞ்சிவப்பாக, தடித்த விரல் போலத் தரையைப் பிளந்து வரும். சிவப்பாயிற்றே, ரத்தப்போக்கை நிறுத்தும் என்று நம்பினார்கள். அன்று மால்டாவை ஆண்ட புனித ஜான் வீரர்கள் இதை ஐரோப்பிய மன்னர்களுக்குப் பரிசாக அனுப்பினார்கள். யாரும் ஏறாதபடி பாறையின் பக்கங்களைச் செதுக்கி வழுவழுப்பாக்கினார்கள். கயிற்றில் தொங்கும் பெட்டி ஒன்றுதான் போக்குவரத்து. திருட்டுத்தனமாக ஏறியவனுக்கு 3 ஆண்டு கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை! இத்தனை காவலுக்கும் அந்த வைத்தியம் பலித்ததற்கு ஆதாரமில்லை.

கோஸோவின் ஜகன்டியா கோயில்கள் சுமார் கி.மு. 3600-ஐச் சேர்ந்தவை. எகிப்தின் பெரிய பிரமிடுக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தவை, அதுவும் உலோகக் கருவியே இல்லாமல் கட்டியவை! அரக்கர்கள் கட்டியது என்று ஊர்க்காரர்கள் சொல்லிவந்ததில் வியப்பென்ன?

மால்டாவின் மீன்பிடிப் படகுகளின் முகப்பில் இன்றும் இரண்டு கண்கள் வரைகிறார்கள். கடலில் ஆபத்து அண்டாதாம்.

மோஸ்டா ஊர்த் தேவாலயத்துக்கு அப்படிக் காவல்கண் எதுவும் தேவைப்படவில்லை. 1942 ஏப்ரல் 9 அன்று உள்ளே 250 பேருக்கு மேல் கூடியிருந்தபோது, ஜெர்மன் விமானம் போட்ட குண்டு குவிமாடத்தைத் துளைத்துக்கொண்டு தரையில் விழுந்தது. வெடிக்கவில்லை! ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. செயலிழக்கவைத்து அதைக் கடலில் போட்டுவிட்டார்கள். இன்று பார்வையாளர்கள் தேவாலயத்தில் பார்ப்பது அதே மாதிரியான வேறொரு குண்டை.