ஆடியவரே ஆட்டுவிக்கும்போது

டிசெம்பர் மாதத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ‘நட்கிரக்கர்’ பலே பார்த்துவந்த குடும்பங்கள் எங்கள் சங்கத்தில் பல உண்டு. 1995இல் ரொறன்ரோவில் மேடையேறிய அந்த வடிவத்தை அமைத்தவர் ஜேம்ஸ் குடெல்கா. இசை சாய்க்கோவ்ஸ்கியினுடையது, கதையும் பழையது. ஆனால் அசைவுகளை அமைத்தவர் எங்களுக்குப் பக்கத்து ஊரான நியூமார்க்கெற்றில் 1955இல் பிறந்தவர். இவ்வளவு பெரிய பொறுப்பை அவரிடம் ஒப்படைப்பதற்கு இருபது வருடங்களுக்கு முன்னரே, நடனக் கம்பனி அவரிடம் ஒரு சின்ன வேலையைக் கொடுத்துப் பார்த்திருந்தது. அந்த வழக்கத்தைப் பற்றியே இங்கு சொல்ல வருகிறேன். அரங்கேற்றம் முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதனை இரண்டாம் முறையும் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கனடா தேசிய பலே கம்பனி 1951 நவம்பர் 12ஆம் திகதி ஈற்றன் அரங்கில் தனது முதல் நிகழ்ச்சியை நடத்தியது. இங்கிலாந்திலிருந்து வந்த சீலியா ஃபிராங்கா என்னும் அம்மையார் அதனைத் தோற்றுவித்தார். பழைய பெரிய நடனங்களை ஆடினாற்றான் மண்டபம் நிரம்பும். அவற்றை மட்டும் ஆடினால் சொந்தமாக ஒன்றும் மிஞ்சாது. ஆகவே கம்பனியின் நடனக்காரரே தமது சக கலைஞரை வைத்துக் குறுகிய நடனங்களை அமைத்துக் காட்டும் பட்டறைகள் ஏற்பட்டன. குடெல்கா 1973இல் ‘சொனாட்டா’ என்ற நடனத்தைச் செய்தபோது அவருக்குப் பதினெட்டு வயதளவில்தான் இருக்கும். 1979இல் அவருடைய ‘வாஷிங்டன் ஸ்குவயர்’ பெரிய மேடைக்கு வந்தது. 1996இல் அவரே கம்பனியின் கலை இயக்குநரானார். அதே பட்டறையில் கைபழகிய ஆன் டிச்பர்ன் என்ற பெண்மணியின் ‘மாட் ஷாடோஸ்’ 1977இல் அரங்கேறியது.

பட்டறையில் செய்தவை எல்லாம் நிலைத்துவிட்டன என்று யாரும் எண்ண வேண்டாம். ஓரிரு தடவை ஆடப்பட்டு மறைந்தவையே அதிகம். பதினைந்து நிமிட நடனம் பிசகினால் பதினைந்து நிமிடந்தான் நட்டம். இரண்டரை மணி நேர நடனம் பிசகினால் உடுப்பு, காட்சித்திரை, வாத்தியக் குழு எல்லாவற்றின் செலவும் தலையில் விழும். குறுநடனத்துக்கோ எளிய உடுப்பும் வெறும் மேடையும் போதும். வெளிச்சத்தைக் கொண்டே சமாளித்து விடுவார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பலே கம்பனியில் படிநிலை மிகக் கண்டிப்பானது. கூட்டமாக ஆடுவோர் கீழே, தனியாடுவோர் அவர்களுக்கு மேலே, முதன்மைக் கலைஞர் உச்சியில். ஆனால் கடைசி வரிசையில் ஆடும் ஒருவர் நடனம் அமைக்கத் தொடங்கிவிட்டால், அந்த ஒத்திகை நேரத்தில் முதன்மைக் கலைஞரும் அவர் சொற்படி கையைத் தூக்க வேண்டும், காலை மடக்க வேண்டும். எங்கள் நடன வகுப்புகளில் இதை நினைத்துப் பார்க்க முடிகிறதா?

2006இல் குயின் வீதியில் புதிய அரங்கு திறந்த பின்னரும் இந்த வழக்கம் வேறு வேறு உருவங்களில் தொடர்ந்தது. 2009இல் கிறிஸ்டல் பைற் அமைத்த ‘எமர்ஜன்ஸ்’ புதிய குறுநடனங்களின் நிகழ்ச்சியொன்றில்தான் முதலில் ஆடப்பட்டது. அவர் வெளியிலிருந்து அழைக்கப்பட்டவர். 2013இல் நடந்த இன்னொரு நிகழ்ச்சியில் கம்பனியின் முதன்மைக் கலைஞரான கியோம் கோற்றேயும், ரொபேட் பினே என்ற இளைஞரும் தத்தம் படைப்புகளைக் காட்டினர். பினே 2016இல் ஒன்ராறியோ கலைக்கூடத்தில் லோரன் ஹரிஸின் ஓவியங்களைத் தழுவி ஒரு நடனம் அமைத்தார். அங்கே பார்வையாளர் மேடைகளைச் சுற்றி நடந்து நடந்து பார்த்தார்கள். மட்டக்களப்பில் வட்டக்களரியைச் சுற்றியிருந்து கூத்துப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் புதினமாக இராது!

பலே கம்பனிக்குள் எங்கள் பக்கத்து இளைஞர் ஒருவர் இப்படி நுழைந்த கதையும் உண்டு. 1923இல் லண்டனில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த உதயசங்கருக்கு வயது இருபத்திரண்டு. அவரிடம் அன்னா பாவ்லோவா இந்தியக் கருப்பொருளில் குறுநடனங்கள் அமைக்கச் சொன்னார். அவற்றுள் ஒன்றில் உதயசங்கர் கிருஷ்ணனாகவும் உலகப் புகழ்பெற்ற பாவ்லோவா ராதையாகவும் ஆடினர். முறையான நடனப் பயிற்சி இல்லாத ஒரு மாணவனை நம்பி அந்த அம்மையார் தன் கம்பனியையே கொடுத்திருக்கிறார். பின்னாளில் ருக்மிணி தேவியைச் சொந்த நாட்டு நடனத்தின் பக்கம் திருப்பியவரும் அவரே.

இந்த நகரத்தில் மேனகா தாக்கர் அம்மையார் 1970களிலிருந்து பரதமும் ஒடிசியும் கற்பித்தார். 2022இல் காலமாகும் வரை எத்தனையோ மாணவிகளை உருவாக்கினார். அவர்களுள் நோவா பட்டாச்சார்யா 2008இல் சொந்தக் குழு தொடங்கிப் புதிய படைப்புகளைச் செய்து வருகிறார். இப்படிப்பட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். மற்றவர்களின் சலங்கை அரங்கேற்றத்து மறுநாளே பெட்டிக்குள் போய்விடுகிறது. மண்டபத்துக்கும் பட்டுக்கும் விருந்துக்கும் செலவழித்த பெற்றோர் அந்தப் பெட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்த உருப்படிகள் உண்டு. தானாக ஒன்றை அமைக்கும்படி அவளிடம் யாரும் கேட்டதில்லை. அலாரிப்பு முதல் தில்லானா வரையான வரிசையைத் தஞ்சை நால்வர் ஒழுங்குசெய்த காலத்தில் அதுவும் புதுமையாகத்தான் இருந்தது.

எங்களுக்குச் சில சிரமங்கள் அதிகம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பலே கம்பனியில் சம்பளத்துக்கு ஆடும் கலைஞர் தயாராக நிற்பார்கள். எங்கள் பிள்ளைக்குப் பாட்டு வேண்டும், ஜதி கோக்க வேண்டும், நட்டுவாங்கத்துக்கு ஆள் வேண்டும், மிருதங்கக்காரருக்கு அந்தச் சனிக்கிழமை வேறு கச்சேரி இருக்கும். ஆசிரியையின் அனுமதியும் வேண்டும், அதுதான் முதற்கடம்பை. ஆனாலும் நவராத்திரியின் ஒன்பது இரவுகளில் ஓரிரவை, அரங்கேற்றம் முடித்து இரண்டு வருடமாவது ஆன பிள்ளைகளுக்கென்று விடலாம். ஆளுக்குப் பத்து நிமிடம். தேவாரமோ கும்மியோ வெறும் சொற்கட்டோ அவர்கள் விருப்பம். ஒரே மிருதங்கம் எல்லாருக்கும் பொது. பரிசு வேண்டாம், பொன்னாடை வேண்டாம், பேச்சுக்களும் வேண்டாம். ஆடிமுடிந்ததும் ஆசிரியைகள் முன்வரிசையில் அரைமணி நேரம் இருந்து பிள்ளைகளோடு கதைத்தால் போதும்.