ஏவூர்திக்கு ஏற்ற உந்துபொறி

போடிநாயக்கனூரின் மேற்கே அரண்போல் எழுந்து நிற்கும் ஏலமலைத் தொடரை நாள்தோறும் கண்டு வளரும் மாணவர்க்கு உயரத்தின்மீது வேட்கை பிறப்பது இயல்பே. கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக் என்னும் மாணவரும் அவர்தம் தோழர்களும் வடிவமைத்த ‘கலாம்சாட்’ என்னும் கருவி, 64 கிராம் எடையே உடையது. அது 2017 சூன் 22ஆம் நாள் அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதளத்திலிருந்து ஆய்வு ஏவூர்தி ஒன்றில் விண்ணைத் தொட்டுத் திரும்பியது. அச்செய்திக்குப் பின், ‘நாமும் ஒரு மாதிரி ஏவூர்தியை நம் மலைச்சரிவில் விட்டுப் பார்க்கலாமா? அதற்கு எந்த மோட்டாரைப் பொருத்தலாம்?’ என வினவும் மாணவர் பலர். இரண்டாம் வினாவுக்கு விடை கண்டால் முதல் வினாவுக்கும் விடை தானே கிட்டும்.

‘கிடைப்பனவற்றுள் வலிமை மிக்கதைப் பொருத்துவோம்’ என்பதே பலர் உடனே கூறும் விடை. இயற்பியல் அதனை ஒப்புக்கொள்வதில்லை.

எழுத்தும் எண்ணும்

மாதிரி ஏவூர்தியின் உந்துபொறி மேல் ‘எஃப் 40–5’ என்பது போன்றதொரு குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். முதலில் நிற்கும் எழுத்து, பொறி எரிந்து முடிவதற்குள் தரும் மொத்த உந்தத்தைக் குறிக்கும். இது நியூட்டன்-வினாடி என்னும் அலகால் அளக்கப்பெறும். நூறு கிராம் ஏலக்காய்ப் பொட்டலம் உள்ளங்கையில் தரும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு நியூட்டன். அவ்வழுத்தம் ஒரு வினாடி நீடித்தால் ஒரு நியூட்டன்-வினாடி. ‘ஏ’ வகையின் உச்ச அளவு 2.5, அடுத்தடுத்த எழுத்துக்கு அது இருமடங்காகும். இவ்வாறு ‘டி’ 20, ‘இ’ 40, ‘எஃப்’ 80, ‘ஜி’ 160 என உயரும். இவற்றுள் இ, எஃப், ஜி ஆகிய மூன்றையுமே பொதுவாக நடுத்தரத் திறன் உடையவை என்பர்.

எழுத்தை அடுத்து நிற்கும் எண், சராசரி உந்துவிசை எத்தனை நியூட்டன் என்பதைக் காட்டும். இறுதி எண், எரிபொருள் தீர்ந்தபின் வான்குடையை வெளித்தள்ளும் வரை கழியும் வினாடிகள். பெரும்பாலோர் எழுத்தை மட்டும் நோக்கி ஏமாறுவர். ஏவூர்தி நேராக எழுமா, சாயுமா என்பதை முடிவு செய்வது நடுவே உள்ள எண்ணே.

ஒரு கணக்கால் இதனைத் தெளிவுறுத்தலாம். பொறியுடன் சேர்த்து 800 கிராம் உள்ள ஏவூர்தி ஒன்றைக் கொள்வோம். அதன் எடைவிசை ஏறக்குறைய 7.8 நியூட்டன். உந்துவிசை எடையைப்போல் ஐந்து மடங்கேனும் இருத்தல் வேண்டும் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் விதி. ஆதலின் 40 நியூட்டன் தேவை. மொத்த உந்தம் 50 நியூட்டன்-வினாடி உடைய பொறி 40 நியூட்டன் விசையுடன் ஒன்றேகால் வினாடி எரிகிறது எனில், இரண்டு மீட்டர் வழிகாட்டித் தண்டை விட்டு நீங்கும்போது ஏவூர்தியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அவ்வேகத்தில் வால் சிறகுகளைக் காற்று இறுகப் பற்றும். ஏவூர்தி நிமிர்ந்து செல்லும்.

அதே 50 நியூட்டன்-வினாடியை 10 நியூட்டன் வீதம் ஐந்து வினாடி எரியும் பொறியில் வைத்துப் பாருங்கள். எழுத்து மாறவில்லை, விலையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் தண்டை விட்டு நீங்கும்போது வேகம் மணிக்கு 12 கிலோமீட்டரே. மிதிவண்டியின் வேகம்! சிறகுகள் பயன்படா. மெல்லிய பக்கக்காற்றே ஏவூர்தியைக் காற்று வரும் திசை நோக்கித் திருப்பிவிடும். மிச்சமுள்ள நெருப்பு அதனைப் படுக்கை வாட்டில் செலுத்தும். கூடி நிற்போர் எத்திசையில் உள்ளனர் என்பதை அது அறியாது.

பேரளவிலும் இக்கணக்கே. 1963 நவம்பர் 21ஆம் நாள் தும்பாவிலிருந்து எழுந்த நைக்-அப்பாச்சி ஏவூர்தியில் இரு பொறிகள் இருந்தன. கீழ்ப்பொறியான நைக், பெருவிசையுடன் ஏறத்தாழ மூன்றரை வினாடியில் எரிந்து தீரும். அடர்ந்த காற்றைக் கடந்தபின் அப்பாச்சி எரியும். ‘கலாம்சாட்’ சென்ற டெரியர்-ஓரியன் ஏவூர்தியும் அத்தகைய இருநிலை அமைப்பே. தும்பாப் பணியில் பங்குகொண்ட டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அதே ஆண்டு வாலப்ஸில் பயிற்சி பெற்றபோது, திப்பு சுல்தானின் படை ஏவூர்திகளை எய்யும் ஓவியம் ஒன்றை அங்குக் கண்டதாகத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். மைசூர் ஏவூர்தியின் சிறப்பு அதன் இரும்புக் குழாயில் இருந்தது. மிகுந்த அழுத்தத்தைக் குழாய் தாங்கியதால் உள்ளே எரியும் பொருள் மிகுந்த விசையைத் தந்தது. பொறியின் உறையும் பொறியின் ஒரு பகுதியே என்பதை 1780ஆம் ஆண்டுப் பொள்ளிலூர்ப் போரில் ஆங்கிலேயர் நேரில் அறிந்தனர்.

வினாடியும் எடையும்

இறுதி எண்ணுக்கு வருவோம். நம் 800 கிராம் ஏவூர்தி, காற்றுத்தடையை விடுத்து நோக்கின், எரிந்து முடியும்போது 30 மீட்டர் உயரத்தில் இருக்கும். பின்னர் ஐந்து வினாடி தானாகவே மேலேறி 160 மீட்டரை எட்டும். தடையைச் சேர்த்தால் இரண்டும் குறையும். ஆகவே நான்கு அல்லது ஐந்து வினாடித் தாமதம் பொருந்தும். இரண்டு வினாடி எனில், விரைந்து ஏறும்போதே வான்குடை விரிந்து கிழியும். பத்து வினாடி எனில், விரிவதற்கு முன்பே ஏவூர்தி தரையில் குத்தக்கூடும்.

பெரிய பொறி வாலில் அமர்ந்தால் எடைமையம் பின்னோக்கி நகரும் என்பதும் மறக்கத்தகாதது. காற்றழுத்த மையத்துக்கு முன்னால், உடலின் ஒரு விட்டம் அளவேனும் எடைமையம் இருந்தால்தான் பறத்தல் நிலைபெறும்.

எரிபொருள் இரு வகை. கருமருந்துப் பொறி எளிது; எனினும் கீழே விழுந்தாலோ வெப்பத்தில் கிடந்தாலோ உள்ளே விரிசல் காணும், விரிசல் கண்ட பொறி வெடிக்கும். அம்மோனியம் பெர்குளோரேட்டைச் செயற்கை ரப்பரில் பிணைத்த கலவைப் பொறி, அதே எடைக்கு இருமடங்குக்கும் மேலான உந்தம் தரும். இவற்றுள் எதனையும் வீட்டில் செய்ய முயல்வது விரலையும் விழியையும் பணயம் வைப்பதாகும். வாணவெடிக் கடையில் வாங்கிய மருந்தைக் குழாயில் இடிப்பதும் அத்தகையதே.

சரிவில் ஏவலாமா?

இனி முதல் வினா. வான்குடை வினாடிக்கு 5 மீட்டர் வீதம் இறங்கினால் 150 மீட்டர் இறங்க 30 வினாடி ஆகும். வினாடிக்கு 5 மீட்டர் காற்று அடித்தால் சமவெளியில் 150 மீட்டர் தள்ளி விழும். சரிவிலோ தரையும் உடன் தாழ்ந்துகொண்டே செல்கிறது. பள்ளத்தாக்கு 200 மீட்டர் ஆழமாயின் இன்னும் 40 வினாடி மிதந்து, இன்னும் 200 மீட்டர் செல்லும். சூன் முதல் செப்டம்பர் வரை கணவாய்கள் வழியே பாயும் தென்மேற்குக் காற்றில் இது மேலும் பெருகும். காற்று ஓயும் மாதங்களை நாடினால் புல் காய்ந்திருக்கும். 2018 மார்ச் 11ஆம் நாள் குரங்கணி மலையில் பற்றிய தீ, மலையேறச் சென்றோரில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் கவர்ந்தது. அத்துயரை அறிந்த ஊரில், ஓராயிரம் பாகைக்கு மேல் வெப்பம் உமிழும் பொறியைப் புல்வெளியில் பற்றவைக்கப் பெரியோர் எவரும் இசையார், இசையவும் கூடாது.

சட்டமும் இசையாது. உந்துபொருள்கள் 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்கும் 2008ஆம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டவை. உரிய இசைவும் மேற்பார்வையும் உள்ள களங்களிலேயே மாணவர் இதனைப் பயிலலாம். செங்கற்பட்டு மாவட்டம் பட்டிபுலத்திலிருந்து 2023 பிப்ரவரி 19ஆம் நாள் மாணவர்தம் சிறு செயற்கைக்கோள்களைச் சுமந்து ஒரு ஏவூர்தி எழுந்தது. அதில் திட எரிபொருளும் திரவ ஆக்சிசனேற்றியும் தனித்தனியே வைக்கப்பெறும் கலப்பினப் பொறி பொருத்தப்பட்டது. இரண்டும் கலவாதவரை வெடிக்கும் அச்சம் குறைவு என்பதே அத்தேர்வின் நன்மை.

அதுவரை நம் ஊர் மாணவர்க்கு நீர் ஏவூர்தி உண்டு. குளிர்பான நெகிழிப் புட்டியில் மூன்றிலொரு பங்கு நீர் ஊற்றி, மிதிவண்டிக் காற்றடிப்பானால் அழுத்தம் ஏற்றி, சற்று விலகி நின்று கயிற்றால் விடுவித்தால் போதும். விசை, எடை, எரிகாலம் என மேலே கண்ட கணக்கு அனைத்தும் இங்கும் உண்டு. நெருப்பு மட்டும் இல்லை. நீரைக் கூட்டினால் தள்ளப்படும் பொருள் கூடும், அழுத்தக் காற்றுக்கு இடம் குறையும். கால் பங்கு, மூன்றிலொரு பங்கு, அரைப் பங்கு என மாற்றி, ஒவ்வொன்றும் தரை தொட எடுக்கும் வினாடிகளைக் குறித்து வரும் மாணவர், பொறியைத் தேர்ந்தெடுக்கும் கலையைக் கல்லூரி விளையாட்டுத் திடலிலேயே தொடங்கிவிட்டவராவர்.