ஓடும் கணக்கும் உண்மைக் கணக்கும்

அமெரிக்காவின் சான் டியாகோ நகருக்கு அருகே பரோனா என்றொரு காசினோ இருக்கிறது. அங்கே சிலருக்கு மட்டும் ஆயுள் முழுக்க அறை இலவசம், சாப்பாடு இலவசம், குடிக்கவும் காசு வாங்குவதில்லை. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: அந்தக் காசினோவின் மேசைகளில் அவர்கள் ஒருநாளும் ஆட உட்காரக் கூடாது.

‘பிளாக்ஜாக் ஹால் ஆஃப் ஃபேம்’ என்ற கௌரவப் பட்டியலில் இடம்பெற்றவர்கள் இவர்கள். 2002-ல் முதன்முறையாக ஏழு பேர் தேர்வானார்கள். சீட்டை ஒளித்தோ நகத்தால் குறி வைத்தோ இவர்கள் பேர் வாங்கவில்லை. மேசையில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் சீட்டுகளைக் கவனித்து, மனதுக்குள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கைச் சுற்றி ஒரு தனிப் பேச்சே உருவாகியிருக்கிறது. அதில் பாதிச் சொற்கள் ஆட்டக்காரர்களுடையவை, மீதி காசினோக்களுடையவை. அவற்றில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. சிலவற்றுக்குத் தேதியே சொல்லலாம்.

பிளாக்ஜாக் ஆட்டம் எளிது. கையில் உள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல், காசினோ சார்பில் சீட்டுப் போடும் டீலரை முந்த வேண்டும். ராஜா, ராணி, ஜாக் ஒவ்வொன்றுக்கும் 10. ஏஸுக்கு 1 அல்லது 11, எது தோதோ அது. டீலர் தன் இரண்டு சீட்டில் ஒன்றை முகம் தெரியப் போடுவார், அது ‘அப்கார்டு’. கவிழ்ந்து கிடப்பது ‘ஹோல் கார்டு’. இன்னொரு சீட்டு கேட்டால் ‘ஹிட்’, போதும் என்றால் ‘ஸ்டாண்ட்’, பந்தயத்தை இரட்டித்து ஒரே ஒரு சீட்டு வாங்கினால் ‘டபுள்’, ஜோடிச் சீட்டுகளை இரண்டு கைகளாகப் பிரித்தால் ‘ஸ்பிளிட்’. 21-ஐத் தாண்டிவிட்டால் ‘பஸ்ட்’. முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தும் வந்தால் அது ‘நேச்சுரல்’, அதாவது பிளாக்ஜாக்.

ஆட்டக்காரர்தான் முதலில் முடிவெடுக்க வேண்டும். அவர் பஸ்ட் ஆன நொடியிலேயே பணம் போய்விடும். பின்னால் டீலரும் பஸ்ட் ஆனாலும் திரும்பி வராது. காசினோவின் லாபம் பிறக்கும் இடம் இதுதான். 12 முதல் 16 வரை உள்ள கையை ‘ஸ்டிஃப்’ என்பார்கள். எடுத்தாலும் ஆபத்து, எடுக்காவிட்டாலும் ஆபத்து. ஆனால் டீலரின் அப்கார்டு 5 அல்லது 6 என்றால் நூற்றுக்கு ஏறக்குறைய 42 முறை அவரே பஸ்ட் ஆகிறார். அப்போது ஸ்டிஃப் கையோடு அசையாமல் நிற்பதே சரி. பயந்த சுபாவம் உள்ளவர்கள்கூட அங்கே நின்றுவிடுவார்கள். டீலரிடம் பத்து இருக்கும்போது 16-ஐ வைத்துக்கொண்டு இன்னொரு சீட்டு கேட்கத்தான் துணிச்சல் வேண்டும்.

எந்தக் கையை எப்படி ஆடுவது என்று முதன்முதலில் முழுமையாகக் கணக்கிட்டவர்கள் சூதாடிகள் அல்லர், ராணுவத்தில் இருந்த நான்கு இளைஞர்கள். மேரிலாண்ட் மாநிலத்து அபர்டீன் ராணுவத் தளத்தில் பணியாற்றிய ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கேன்டி, ஹெர்பர்ட் மைசல், ஜேம்ஸ் மெக்டர்மாட் ஆகியோர் மேசைக் கால்குலேட்டர்களைத் தட்டித் தட்டியே அந்தக் கணக்கை முடித்து, 1956-ல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். இன்று ‘பேசிக் ஸ்ட்ராடஜி’ என்று அழைக்கப்படும் அட்டவணையின் தொடக்கம் அதுவே. விதிகள் நன்றாக உள்ள மேசையில் இந்த அட்டவணைப்படி ஆடினால் காசினோவின் சாதகம், அதாவது ‘ஹவுஸ் எட்ஜ்’, ஏறக்குறைய அரை சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. நூறு டாலர் பந்தயத்துக்குச் சராசரி இழப்பு ஐம்பது சென்ட். ஐம்பதுகளில் கணினி இல்லாமல் இதைச் செய்தது சாதாரணக் காரியமில்லை. ஹால் ஆஃப் ஃபேமில் அவர்கள் இடம்பெற 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த அரை சதவீதத்தையும் தாண்டிப் போக முடியுமா என்று கேட்டவர் எட்வர்ட் தார்ப். எம்.ஐ.டி.யில் கணிதம் கற்பித்த அவர், அங்கிருந்த ஐ.பி.எம். 704 கணினியில் ஒரு கேள்வியைப் போட்டுப் பார்த்தார்: கட்டிலிருந்து சில சீட்டுகள் போய்விட்டால் யாருக்குச் சாதகம்? ஐந்துகள் போனால் ஆட்டக்காரருக்கு நல்லது. ஏஸ்களும் பத்துகளும் போனால் கெட்டது. காரணம் தெளிவு. பத்துகள் நிறைந்த கட்டில், 16-லும் சீட்டு எடுத்தே தீர வேண்டிய டீலர் அதிகம் பஸ்ட் ஆகிறார். நேச்சுரல் இருவருக்கும் சமமாகத்தான் வரும். ஆனால் அதற்கு ஒன்றரை மடங்கு பணம் பெறுபவர் ஆட்டக்காரர் மட்டுமே. 1961-ல் தார்ப் இதை வெளியிட்டார். கோட்பாட்டைச் சோதிக்க இரண்டு பணக்காரச் சூதாடிகள் 10,000 டாலர் கொடுக்க, நெவாடாவுக்குப் போய் அதை இரட்டிப்புக்கு மேல் ஆக்கிக்கொண்டு திரும்பினார். 1962-ல் வந்த அவருடைய ‘பீட் தி டீலர்’ புத்தகம் அமோகமாக விற்றது. மிரண்ட லாஸ் வேகஸ் காசினோக்கள் 1964 ஏப்ரல் 1-ஆம் தேதி விதிகளை இறுக்கின. ஆட்டக்காரர்கள் மேசைகளைப் புறக்கணிக்கவே, சில வாரங்களில் பழைய விதிகளுக்கே திரும்பின.

தார்ப் முதலில் சொன்ன முறை மூளையைக் கசக்குவது. இன்று பெரும்பாலோர் பயன்படுத்தும் ‘ஹை-லோ’ முறை ஹார்வி டப்னர் வகுத்தது; ஐ.பி.எம்.மில் இருந்த ஜூலியன் பிரவுன் கணினியில் செம்மைப்படுத்த, 1966-ல் வந்த இரண்டாம் பதிப்பில் இடம்பெற்றது. 2 முதல் 6 வரை எந்தச் சீட்டு வந்தாலும் ஒன்று கூட்ட வேண்டும். பத்து, படச்சீட்டு, ஏஸ் வந்தால் ஒன்று கழிக்க வேண்டும். 7, 8, 9 வந்தால் சும்மா இருக்கலாம். மனதில் ஓடிக்கொண்டே இருக்கும் இந்த எண்தான் ‘ரன்னிங் கவுண்ட்’.

படங்களில் காட்டுவதுபோல இதற்கு மேதைமை தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகூட ஒரு வாரத்தில் பழகிவிடலாம். கடினம் அடுத்த படியில் இருக்கிறது. ஆறு கட்டுகளைச் சேர்த்து ‘ஷூ’ என்ற பெட்டியில் வைத்து டீலர் பகிரும்போது, +6 என்ற ரன்னிங் கவுண்டுக்குத் தனியாக ஒரு பொருளும் கிடையாது. இன்னும் ஐந்து கட்டு மிச்சமிருந்தால் அது கட்டுக்கு 1.2 மட்டுமே. ஒன்றரைக் கட்டுதான் மிச்சம் என்றால் 4. இப்படி மிச்சக் கட்டுகளால் வகுத்து வருவது ‘ட்ரூ கவுண்ட்’. அது +1-ஐ எட்டும்போது ஆட்டம் ஏறக்குறைய சமநிலைக்கு வரும். அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் சுமார் அரை சதவீதம் ஆட்டக்காரர் பக்கம் சாயும். பெட்டிக்குள் எவ்வளவு மிச்சம் என்பதைக் கண்ணாலேயே மதிப்பிட்டு, பக்கத்து நாற்காலிக்காரரோடு பேசிக்கொண்டு, பணிப்பெண்ணுக்குப் பதில் சொல்லிக்கொண்டு, விநாடிகளில் வகுத்து முடிக்க வேண்டும்.

டீலர் ஷூவின் கடைசிவரை பகிர்வதில்லை. நடுவே ‘கட் கார்டு’ என்ற வண்ண அட்டையைச் செருகி, அது வெளியே வந்ததும் மறுபடி கலைத்துப் போடுவார். அதுவரை எவ்வளவு ஆழம் பகிர்கிறார் என்பதே ‘பெனட்ரேஷன்’. அனுபவசாலிகள் மேசைக்கு வந்ததும் முதலில் பார்ப்பது அந்த அட்டை எங்கே செருகப்படுகிறது என்பதைத்தான். பாதி ஷூவிலேயே கலைத்துவிடும் மேசையில் எண்ணுவது பெரும்பாலும் வீண் உழைப்பு.

கவுண்ட் கெட்டுக் கிடக்கும்போது ஏன் ஆட வேண்டும் என்று கேட்டவர் ஸ்டான்ஃபர்ட் வாங். ஜான் ஃபெர்குசன் என்பவரின் புனைபெயர் இது. பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, கவுண்ட் ஏறிய பிறகே உட்காரும் உத்தியை 1975-ல் வந்த அவருடைய ‘புரொஃபஷனல் பிளாக்ஜாக்’ பரப்பியது. அந்த உத்திக்கே ‘வாங்கிங்’ என்று பேராகிவிட்டது. பல மேசைகளில் ஷூவின் நடுவே யாரும் சேரக் கூடாது என்று காசினோக்கள் பலகை வைத்தது இதற்குப் பதிலடி.

அதற்குள் அல் ஃபிரான்செஸ்கோ இன்னும் சாமர்த்தியமான ஒன்றைச் செய்திருந்தார். எண்ணுபவர்களைக் காசினோ எப்படிப் பிடிக்கிறது? பந்தயத்தை வைத்து. கவுண்ட் தாழ்ந்தால் 10 டாலர், உயர்ந்தால் 200 டாலர் என்று ஒரே ஆள் மாற்றி மாற்றிக் கட்டினால் மேசை மேற்பார்வையாளரான ‘பிட் பாஸ்’ உடனே கவனிப்பார். இந்த ஏற்ற இறக்கத்துக்கு ‘ஸ்பிரெட்’ என்று பேர். ஃபிரான்செஸ்கோ அதை இரண்டு உடம்புகளாகப் பிரித்தார். பல மேசைகளில் ‘ஸ்பாட்டர்’கள் உட்கார்ந்து சிறு தொகையையே மாறாமல் கட்டிக்கொண்டிருப்பார்கள். கவுண்ட் உயர்ந்ததும் கை அசைவில் ஒரு சைகை. பணத்தை இறைக்க வந்த பணக்காரர்போல ‘பிக் பிளேயர்’ வந்து பெரும் தொகையைக் கட்டுவார். கவுண்ட் இறங்கியதும் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். அவர் சீட்டைப் பார்த்து எண்ணுவதே இல்லை. எனவே அவர்மீது சந்தேகம் வர வழியில்லை. பிற்பாடு எம்.ஐ.டி. மாணவர் குழுக்கள் புகழ்பெற்றது இதே அமைப்பால்தான். அந்த மாணவர்களின் கதையைச் சொல்லும் ‘21’ திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு ஃபிரான்செஸ்கோவின் பெயர் தெரியாமல் போனது பெரும் அநியாயம்.

ஃபிரான்செஸ்கோவின் குழுவில் சேர்ந்தவர் கென் அஸ்டன். பசிபிக் பங்குச் சந்தையில் உயர் பதவியில் இருந்தவர். 1977-ல் ‘தி பிக் பிளேயர்’ என்ற புத்தகத்தில் எல்லாவற்றையும் அவர் எழுத, குழுவின் ரகசியம் உடைந்தது. ஃபிரான்செஸ்கோவின் பிழைப்பையே அது பறித்தது. ஆனாலும் ஆட்டக்காரர்களுக்கு அஸ்டன் விட்டுப்போனது பெரிது. அட்லாண்டிக் சிட்டியில் 1978-ல் திறந்த ரிசார்ட்ஸ் இன்டர்நேஷனல் காசினோ, மறு ஆண்டு ஜனவரியில் அவரை வெளியேற்றியது. அவர் வழக்குப் போட்டார். 1982-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஆட்ட விதிகளை வகுக்கும் அதிகாரம் அரசின் காசினோ ஆணையத்துக்கே உண்டு, சீட்டு எண்ணுகிறார் என்பதற்காக ஒருவரைக் காசினோ தன்னிச்சையாக விலக்க முடியாது. வெளியேற்ற முடியாத காசினோக்கள் கட்டுகளைக் கூட்டின, சீக்கிரமே கலைத்துப் போட்டன.

நெவாடாவில் நிலைமை வேறு. அங்கேயும் மூளையால் எண்ணுவது குற்றமல்ல. கருவி வைத்து எண்ணுவதைத்தான் 1985-ல் சட்டம் தடுத்தது. ஆனால் காசினோ தனியார் இடம் என்பதால் யாரையும் ஆட வேண்டாம் என்று சொல்லலாம். மேலாளர்களின் பார்வை கூடுவது ‘ஹீட்’. மற்ற எதையும் ஆடுங்கள், பிளாக்ஜாக் மட்டும் வேண்டாம் என்று தோளைத் தட்டிச் சொல்வது ‘பேக் ஆஃப்’. வளாகத்துக்குள்ளேயே வரக் கூடாது என்பது ‘ட்ரெஸ்பாஸ்’. எண்ணுபவர்களின் படங்களைத் தொகுத்துக் காசினோக்களுக்கு விற்ற கிரிஃபின் நிறுவனம், அப்படி மாட்டிக்கொண்ட ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கில் தோற்று, 2005-ல் திவால் பாதுகாப்புக் கோரியது. சட்டம் அனுமதிக்கும் ஒன்றைச் செய்தவர்களை மோசடிக்காரர்களோடு ஒரே ஆல்பத்தில் வைத்தது தவறு என்பதில் சந்தேகமே இல்லை.

எண்ணுகிறவர்களுக்கும் பணம் கொட்டுவதில்லை. ஒரு சதவீதச் சாதகத்தோடு 100 கை ஆடினால் எதிர்பார்க்கும் லாபம் ஒரு பந்தயத் தொகை. அதே 100 கையில் அதிர்ஷ்டத்தின் வழக்கமான ஏற்ற இறக்கமோ பதினோரு பந்தயத் தொகைக்கும் மேல். இந்த ஏற்ற இறக்கத்துக்கு ‘வேரியன்ஸ்’ என்று பேர். லாபம் அந்த அலையை எட்டிப் பிடிக்க 13,000 கைகளுக்கு மேல் ஆக வேண்டும். கைப்பணம் அதற்கு முன்பே தீர்ந்துபோகும் வாய்ப்பை ‘ரிஸ்க் ஆஃப் ரூயின்’ என்கிறார்கள்.

சுற்றுலா போய் ஒரு மாலை மட்டும் உட்காருகிறவருக்கு இவையெல்லாம் வேண்டாம். மேசை விரிப்பில் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படித்தால் போதும். நேச்சுரலுக்கு ‘3:2’ என்றிருந்தால் 10 டாலருக்கு 15 டாலர். ‘6:5’ என்றிருந்தால் 12 டாலர். ஏறக்குறைய 21 கைக்கு ஒருமுறை நேச்சுரல் வரும் என்பதால், இந்த மூன்று டாலர் வித்தியாசம் மட்டுமே காசினோவின் சாதகத்தில் கிட்டத்தட்ட 1.4 சதவீதத்தைக் கூட்டிவிடுகிறது. மணிக்கு 70 கை, கைக்கு 10 டாலர் என்று ஆடுபவரின் சராசரி இழப்பு மூன்றரை டாலரிலிருந்து 13 டாலருக்கு ஏறுகிறது. எல்லாத் திரைப்படங்களும் எண்ணுபவரைப் பற்றியே பேசுகின்றன. குறைந்த பந்தய மேசைகளில் 6:5 பரவி, எண்ணத் தெரியாத லட்சக்கணக்கானவர்களின் பணத்தை எடுத்துக்கொண்டிருப்பதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும்.

‘இன்ஷூரன்ஸ்’ இன்னொரு பொறி. டீலரிடம் ஏஸ் தெரியும்போது, கவிழ்ந்த சீட்டு பத்தாக இருக்கும் என்று பாதித் தொகையைத் தனியாகக் கட்டலாம். பத்தாக இருந்தால் இரண்டு மடங்கு. ஆறு கட்டு ஷூவில் இந்தத் தனிப் பந்தயத்தின் சராசரி இழப்பு 7 சதவீதத்துக்கும் மேல். ட்ரூ கவுண்ட் +3-ஐத் தொட்டால் மட்டுமே இது லாபம் தரும் என்பது எண்ணுபவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் விதி. ஆட்டக்காரர் கையில் நேச்சுரலே இருந்தால் இதே பந்தயத்தை ‘ஈவன் மணி’ என்று மாற்றிச் சொல்வார்கள்: டீலர் திறக்கும் முன்பே 100 டாலருக்கு 100 டாலர் வாங்கிக்கொள்ளலாம். ஒற்றைக் கட்டில் 3:2 மேசை என்றால் அதை மறுத்து ஆடுபவருக்குச் சராசரியாக 104 டாலர் கிடைக்கும். 6:5 மேசையில் மறுப்பவருக்கு 83 டாலர்தான். அங்கே ஈவன் மணி கிடைத்தால் ஆட்டக்காரர் உடனே வாங்கிக்கொள்ள வேண்டும். 6:5 மேசைகளில் பெரும்பாலும் அதைத் தருவதே இல்லை.