நூறு மெகாபிட் எங்கே போகிறது?

கோவை கணபதியில் ஒரு பட்டறை. பம்பு உறைக்கு வரைந்த முப்பரிமாண வடிவத்தை அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் சர்வருக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கோப்பின் அளவு 1 ஜிபி. பைபர் இணைப்பின் வேகம் நொடிக்கு 100 மெகாபிட். கணக்குப்படி 80 நொடியில் வேலை முடிய வேண்டும். ஆனால் இரு முனைகளில் எதிலாவது ஒரேயொரு எண் 64 கேபி என்று நின்றுவிட்டால், அதே கோப்பு போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். லைனில் எந்தக் கோளாறும் இருக்காது. ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 100 என்றே காட்டும்.

அந்த எண்தான் சாக்கெட் பஃபரின் அளவு. நிரல் ஒன்று வலையோடு பேசத் திறந்துகொள்ளும் வாசல்தான் சாக்கெட். அந்த வாசலுக்கு இரு முனையிலும் கொஞ்சம் நினைவகம் ஒதுக்கப்படும்; அதுதான் பஃபர். இணையத்தில் கோப்புகளைச் சுமக்கும் டிசிபி முறைக்கு வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974இல் அடித்தளம் போட்டார்கள். அதில் அனுப்பிய ஒவ்வொரு பைட்டுக்கும் ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் வர வேண்டும். பதில் வரும்வரை, வழியில் தொலைந்தால் மறுபடி அனுப்புவதற்காக, அனுப்பியவர் தம் பஃபரில் ஒரு நகலை வைத்திருப்பார். பெறுபவரோ தம் பஃபரில் இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்பதை ஒவ்வொரு பதிலிலும் சொல்லி அனுப்புவார். இடம் இல்லையென்றால் அனுப்புபவர் காத்திருக்க வேண்டியதுதான். ஆக, ஒருமுறை போய்த் திரும்பும் நேரத்துக்குள் ஒரு பஃபர் அளவுக்கு மேல் அனுப்பவே முடியாது.

போய்த் திரும்ப எவ்வளவு நேரம்? கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை. வழியில் ரௌட்டர்களும் இருக்கின்றன. கோவையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்வரக் கால் நொடி ஆகும் என்று கொள்ளலாம். நொடிக்கு நான்கு சுற்று, சுற்றுக்கு 64 கேபி. கிடைப்பது நொடிக்குச் சுமார் 2 மெகாபிட். மீதி 98 மெகாபிட்டும் சும்மா கிடக்கிறது. ஸ்பீடு டெஸ்ட் சர்வர் பக்கத்திலேயே இருக்கும். அங்கே போய்வர 5 மில்லி நொடிதான் என்றால், அதே 64 கேபி பஃபர் நூறு மெகாபிட்டையும் நிரப்பிவிடும். பஃபர் சிறிது என்பதை அந்தச் சோதனை காட்டிக் கொடுக்காது.

அப்படியானால் எவ்வளவு வேண்டும்? சிறுவாணியிலிருந்து கோவைக்கு வரும் குழாயை எண்ணிப் பாருங்கள். குழாய் நிறைந்து ஓடினால், எந்த நொடியிலும் ஒரு பெரிய அளவு தண்ணீர் வழியிலேயே இருக்கும். குழாய் வாயின் பரப்பளவு எவ்வளவு, தூரம் எவ்வளவு என்று பெருக்கினால் அந்த அளவு தெரிந்துவிடும். இணைப்பிலும் வேகத்தைச் சுற்று நேரத்தால் பெருக்க வேண்டும். 100 மெகாபிட்டைக் கால் நொடியால் பெருக்கினால் 25 மெகாபிட், அதாவது சுமார் 3.1 எம்பி. அந்த அளவுக்கு இரு முனையிலும் பஃபர் இருந்தால்தான் வழி முழுதும் நிறையும்.

64 கேபி என்ற வரம்பு எங்கிருந்து வந்தது? 1981இல் ஜான் போஸ்டல் தொகுத்து வெளியிட்ட டிசிபி விதிமுறையில், மிச்ச இடத்தைச் சொல்லும் கட்டத்துக்கு 16 பிட் ஒதுக்கப்பட்டது. அதில் எழுதக்கூடிய பெரிய எண் 65,535. அன்றைய வலைகளுக்கு அது தாராளம். 2002இல் பார்தியும் சிங்டெல்லும் சேர்ந்து சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஐ2ஐ கடலடிக் கேபிளைப் போட்டன. நீளம் சுமார் 3,200 கி.மீ., திறன் நொடிக்கு 8.4 டெராபிட். ஒளி போய்வரவே 32 மில்லி நொடி வேண்டும். பழைய வரம்போடு ஓர் இணைப்பு அதில் 16 மெகாபிட்டைத்தான் தொட முடியும். கேபிளின் திறனில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு!

நல்லவேளையாக, வேன் ஜேக்கப்சன், பாப் பிரேடன், டேவ் போர்மன் மூவரும் 1992இலேயே இதற்கு வழி கண்டிருந்தார்கள். இணைப்பு தொடங்கும்போதே ‘நான் சொல்லும் எண்ணை இத்தனை முறை இரட்டிப்பாக்கிக்கொள்’ என்று இரு முனையும் பேசிக்கொள்ளலாம். பதினான்கு முறை வரை இரட்டிப்பாக்கலாம் என்பதால் வரம்பு 1 ஜிபி வரை விரிந்தது.

எல்லாருக்கும் பெரிய பஃபரே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். பத்தாயிரம் பேர் இணைந்திருக்கும் சர்வரில் ஆளுக்கு 4 எம்பி என்றால் 40 ஜிபி நினைவகம் போய்விடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. வலை தாங்காத அளவுக்கு எல்லாரும் கொட்டினால் நெரிசலில் எதுவுமே நகராது. 1986இல் பெர்க்லியில், 400 கஜ தூரத்தில் இருந்த இரண்டு இடங்களுக்கு நடுவே வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. அதைப் பார்த்த ஜேக்கப்சன், பஃபரில் இடமிருந்தாலும் வலையின் நிலைமை பார்த்து அனுப்பும் முறையை வகுத்தார். 1998இல் பிட்ஸ்பர்க் சூப்பர்கம்ப்யூட்டிங் மையத்தினர், தேவைக்கேற்பப் பஃபர் தானே வளரவும் சுருங்கவும் வழி சொன்னார்கள். இன்று லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் பஃபர் தானாகவே வளர்கிறது.

இங்கேதான் அக்கறையுள்ள நிரலாளரும் சறுக்குகிறார். லினக்ஸில் ஒரு நிரல் ‘எனக்கு 4 எம்பி பெறும் பஃபர் வேண்டும்’ என்று வெளிப்படையாகக் கேட்டால், அந்த சாக்கெட்டுக்குத் தானாக வளரும் வசதி நின்றுபோகும். பல கணினிகளில் கேட்டது முழுதும் கிடைக்காது. அங்கே அதற்கென உள்ள உச்சவரம்பு 2,12,992 பைட். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தன் கணக்குக்காக அதை இரட்டிப்பாக்கினாலும் அரை எம்பிகூட எட்டாது. பிழைச் செய்தியும் வராது. கேட்காமல் விட்டிருந்தால் அதே பஃபர் 6 எம்பி வரை வளர்ந்திருக்கும்.

எனவே கோப்பு ஆமை வேகத்தில் போனால், பெரிய பிளானுக்கு மாறும் முன் அந்த சர்வருக்கு பிங் போட்டு, போய்த் திரும்ப எத்தனை மில்லி நொடி என்று பாருங்கள். வேகத்தோடு பெருக்குங்கள். வரும் எண்ணைவிட பஃபரின் வரம்பு சிறிது என்றால், 100 மெகாபிட்டை 300 ஆக்கினாலும் கோப்பு ஒரு நொடிகூட முந்தாது. கடலின் அகலத்தை யாராலும் குறைக்க முடியாது. அந்தத் தூரம் முழுதும் தரவு ஓடிக்கொண்டே இருக்கும்படி இடம் ஒதுக்குவது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அதற்குக் காசு செலவில்லை, ஒரு பெருக்கல் கணக்கு போதும்.